நுனிப்புல்

பத்திரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
நாற்பத்தொரு ஹெக்டேர், ஒரு கிணறு,
ஐந்து வரிக் கம்பி வேலி, தென்மேற்கில் ஓடை,
மற்றதெல்லாம் புல்.

மருந்துக்கடையில் பத்தொன்பது வருடம்
கணக்கு எழுதிய சுல்மா எச்செவெரிக்கு
'மற்றதெல்லாம்' என்ற சொல் பிடிக்காது.
ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.
தக்வாரெம்போவில் அன்று நல்ல வெயில்.

முதல் வருடம் அவசரம் உழவைத்தது.
தம்பி நேரி வாடகை டிராக்டரோடு வந்தான்.
கீழ்ப்பக்கம் நாலு ஹெக்டேர்.
வட்டுக் கலப்பை கருங்கல்லில் பட்டுக் கத்தியது.
ரைகிராஸ் விதைத்தார்கள்.
ஆகஸ்டில் பில்லியர்ட்ஸ் மேசை மாதிரி இருந்தது;
படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

ஜனவரியில் மேசையைக் காணோம்.
வெடித்த மண்ணில் முதலில் எழுந்தது அறுகு.
ஆல்போல் தழைக்கச் சொல்லும் வாழ்த்தில்
அடுத்த வரியில் வேரோடுகிறதே, அதே அறுகு.
இங்கே அதை யாரும் யாருக்கும் வாழ்த்துவதில்லை.

உழாத மேட்டுப்பக்கமோ
அதே வெயிலில்
பழுப்பாக, முரடாக, மன்னிப்புக் கேட்காமல்
நின்றுகொண்டிருந்தது.
பசுக்கள் அங்கே போயின.
என்ன தின்கின்றன என்று
அன்றுதான் குனிந்து பார்த்தாள்.

கொட்டகையில் பழைய சைக்கிள் சக்கரத்தின் வளையம் கிடந்தது.
கண்ணை மூடிக்கொண்டு எறிவாள்,
விழுந்த இடத்தில் மண்டியிட்டு எண்ணுவாள்.
பெயர் தெரியாததால் கணக்கேட்டில் இப்படி:
நாக்கை அறுப்பது.
அடியில் சிவப்பு.
பசு முகர்ந்துவிட்டு விட்டது.
நேற்று இல்லை, மழைக்குப் பின் உண்டு.
காலுறையில் குத்தி வீடுவரை வந்தது.
ஒரு வளையத்துக்குள் பதினேழு.
பதினெட்டாவது
எறும்பு இழுத்துவந்த துண்டாகவும் இருக்கலாம்.

'அடியில் சிவப்பை'ப் பிடுங்கிப் பார்த்தாள்.
வரவில்லை.
ரைகிராஸ் இரண்டு விரலுக்கு வந்திருக்கும்.

புத்தகங்களும் வாங்கினாள்.
ஒன்று பாஸ்பரஸ் போடு என்றது, ஒன்று போடாதே என்றது.
இரண்டையும் பாதியில் மூடினாள்.
நுனிப்புல் மேய்ந்தவள் என்று
தன்னையே சொல்லிச் சிரிக்க
அவள் மொழியில் அப்படி ஒரு வசை இல்லை.
நம்மிடம் இருக்கிறது.
அதை யார் முதலில் வசையாக்கினார்களோ,
மேய்ச்சல் நிலம் வைத்திருந்தவர்கள் இல்லை.

ஏனென்றால் அடுத்த மார்ச்சில் அவள்
ஒற்றை மின்கம்பி இழுத்து
மேட்டை மூன்றாகப் பிரித்தாள்.
பதினான்கு பசுக்களும் ஒன்றாக உள்ளே.
ஐந்தாம் நாள்,
கணுக்காலுக்கு மேல் புல் மிச்சம் இருக்கும்போதே
வெளியே.
நுனியைத் தின்னு, போ.
பசுக்களுக்கு இது புரியவில்லை.
வெள்ளை முகத்துக்காரி ஒருத்தி
கம்பியருகே நின்று ஒரு மணிநேரம் புகார் சொன்னாள்.
"தீனி வீணாகிறது" என்றான் நேரி.
சுல்மா அளவுகோலை மண்ணில் ஊன்றிப் படித்தாள்:
பதினொன்று.
மிச்சம் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது,
வரவிலா, செலவிலா?
அன்றிரவு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

பனி உறைந்த ஜூன். காற்று. நல்ல மழை ஒன்று, பொய் மழை இரண்டு.

நவம்பரில் மேடு ஊசி ஊசியாக விதைத்தது.
மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து
கம்பளிக் காலுறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி
குப்பையில் போடுவாள்.
ஐந்தாம் மாலையோ ஆறாம் மாலையோ
பாதியில் கை நின்றது.

மறுநாள்
முழங்கால்வரை காலுறையை இழுத்துக்கொண்டு
மேட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்,
செருப்புக்கூட இல்லாமல்.
அப்படியே இறங்கி
அறுகு பிடித்த நாலு ஹெக்டேருக்குள் போய்
உட்கார்ந்து பிடுங்கினாள்.
இந்த ஊர் ஆட்காட்டிக்கும் அதே வேலைதான்:
தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக்
காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

வேலியோரம் நேரி வந்து நின்றான்.
"இதுதான் உன் விதைப்பு இயந்திரமா?"
"இரண்டாவது ஜோடி படியில் காய்கிறது" என்றாள்.
"குதிகாலில் ஓட்டை. பரவாயில்லை."

அவன் டிராக்டர் பக்கம் பார்த்தான்.
பிறகு பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.